சூடு எங்கே போகிறது?

கிண்ணத்தைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே களக் களக் என்று ஏதோ அலம்பியது. பதினெட்டு மணி நேரம் ஃபிரீசரில் கிடந்த கிண்ணம். வெளியே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, ஈரக் கையால் தொட்டால் விரல் ஒட்டியது. ஆனால் அதன் இரட்டைச் சுவருக்கு நடுவே அடைத்திருந்த கரைசல் உறையவில்லை. அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பாலைக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஆற வைத்தாகிவிட்டது. கிண்ணத்தை ஐஸ்கிரீம் மெஷினில் மாட்டினேன், பாலை ஊற்றினேன், சுவிட்சைப் போட்டேன். துடுப்பு நாற்பது நிமிடம் சுற்றியது. முடிவில் நல்ல ஏலக்காய்ப் பால் கிடைத்தது, ஜில்லென்று. ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டுப் படுத்தோம்.

மெஷின் மேல் தப்பில்லை. மறுநாள் ஃபிரிட்ஜில் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்றை வாங்கி வந்து ஃபிரீசருக்குள் வைத்தேன். மைனஸ் 8 டிகிரி. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், மேலே ஐஸ் தட்டு வைக்கிற சின்ன அறை, ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து மூடுகிற கதவு. அதில் ஐஸ்கட்டி உறையும், மீன் நாலு நாள் தாங்கும். இந்தக் கிண்ணத்துக்கு அது பற்றாது. மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மூன்று நட்சத்திரத்தை நம்பி நான் ஏமாந்திருந்தேன். ஐரோப்பிய ஃபிரீசர்களில் நட்சத்திரம் என்பது குளிரின் அளவு: ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. நம் ஊர் ஃபிரிட்ஜின் மேல் ஒட்டி வருவது மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திரம். ஐந்து நட்சத்திரம் வாங்கினாலும் ஃபிரீசர் எவ்வளவு குளிரும் என்பதைப் பற்றி அது வாய் திறக்காது.

ஐஸ்கிரீம் மெஷின் வாங்கப் போகிறவர்கள் விலை பார்க்கிறார்கள், எத்தனை லிட்டர் என்று பார்க்கிறார்கள், சிலர் நிறம்கூடப் பார்க்கிறார்கள். எனக்குப் பட்டது வேறு. பாலில் இருக்கிற சூடு எங்கே போகும், எத்தனை நிமிடத்தில் போகும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்த மெஷின் நமக்கு ஆகும், எது ஆகாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஐஸ்கிரீம் முழுக்க உறைந்த பொருள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி முழுக்க உறைந்திருந்தால் கரண்டி இறங்காது, உளிதான் வேண்டும். பாலில் பெரும்பகுதி தண்ணீர். அதில் நாம் போடும் சீனியும், பாலுக்கே உரிய சர்க்கரையான லாக்டோஸும், தாது உப்புகளும் கரைந்திருக்கின்றன. அதனால் அது பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது. மைனஸ் 2-ஐத் தாண்டி, ஏறக்குறைய மைனஸ் இரண்டரையில்தான் முதல் பனிப்படிகம் பிறக்கும். அந்தப் படிகம் தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொள்ளும், சீனியை வெளியே தள்ளிவிடும். மிச்சமிருக்கிற பாகு முன்னைவிடக் கெட்டியாகும், அதனால் அதன் உறைநிலை இன்னும் கீழே இறங்கும். மேலும் குளிரவைத்தால் மேலும் கொஞ்சம் தண்ணீர் ஐஸாகும், பாகு இன்னும் கெட்டியாகும். இந்தத் துரத்தல் வீட்டு ஃபிரீசரில் முடியவே முடியாது. மைனஸ் 5-ல் தண்ணீரில் பாதிதான் ஐஸாகியிருக்கும். மைனஸ் 18-ல்கூடக் கால்வாசி பாகாகவே நிற்கும். கரண்டி இறங்குவது அந்தக் கால்வாசியின் புண்ணியத்தில்.

ஆக ஐஸ்கிரீம் என்பது கெட்டிப்பாகில் மிதக்கும் பனிப்படிகங்கள், அவற்றோடு கொழுப்புத் துளிகள், நடுநடுவே காற்றுக்குமிழிகள். படிகம் எவ்வளவு பெரியது என்பதில்தான் ருசியே இருக்கிறது. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு மைக்ரான். படிகங்கள் சராசரியாக 50 மைக்ரானைத் தாண்டினால் நாக்கு கண்டுபிடித்துவிடும், ‘நறநற’ என்று சொல்லும். அதற்குக் கீழே இருந்தால் வெண்ணெய் போலத் தோன்றும். நம் தலைமுடியின் தடிமனே பெரும்பாலும் 50 மைக்ரானுக்கு மேல். அத்தனை நுணுக்கமாக அளக்கிறது நாக்கு!

பாலைக் கிண்ணத்தில் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? மெதுவாகக் குளிரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படிகங்கள் பிறக்கும். அவற்றுக்கு அவசரமே இல்லை, விடிய விடியத் தின்று கொழுத்துப் பெரிதாகும். காலையில் பார்த்தால் பால் ஐஸ்கட்டி. இதையே வேகமாகக் குளிரவைத்தால் ஒரே நேரத்தில் எண்ணற்ற படிகங்கள் பிறந்து இருக்கிற தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்ளும், எதுவும் பெரிதாக வளர முடியாது. மெஷின் என்று நாம் காசு கொடுத்து வாங்குவது இந்த வேகத்தைத்தான். உலோகச் சுவர் குளிரைக் கொடுக்கிறது. சுவரை ஒட்டிய பால் மெல்லிய ஏடாக உறைகிறது. துடுப்பு அந்த ஏட்டைச் சுரண்டி நடுவே தள்ளுகிறது, புதுப் பால் சுவருக்கு வருகிறது. கூடவே காற்றும் உள்ளே போகிறது.

குல்ஃபிக்காரர் இதில் எதையும் செய்வதில்லையே என்று கேட்கலாம். ராத்திரி மணியடித்துக்கொண்டு தெருவில் வருகிறவர் துடுப்பைச் சுற்றுவதில்லைதான். அவர் அதற்கு முன்பே அடுப்படியில் வேலையை முடித்துவிடுகிறார். பாலைப் பாதிக்கும் கீழாகச் சுண்டவைத்தால் உறைவதற்குத் தண்ணீரே குறைவு. இருக்கிற தண்ணீரும் கெட்டிப்பாகில் நகர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. அதனால் படிகம் பெரிதாவது கஷ்டம். காற்றில்லாத, பல்லுக்கு வேலை வைக்கிற இனிப்பு. அது வேறு கலை.

இனி அந்தச் சூட்டின் கணக்கு. என் வீட்டில் ஒரு ஈடு என்பது இது: ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் அரை லிட்டர், ஐந்தில் ஒரு பங்கு குறையும்வரை காய்ச்சியது. கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 200 கிராம். சீனி 120 கிராம். கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 25 கிராம். எல்லாம் சேர்ந்து சுமார் 760 கிராம், அதில் தண்ணீர் 480 கிராம் போல. பாதித் தண்ணீரை ஐஸாக்க வேண்டுமென்றால் 240 கிராம். ஒரு கிலோ தண்ணீர் ஐஸாகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடும். எனவே 240 கிராமுக்கு 80 கிலோஜூல். உறைய ஆரம்பிக்கும் முன்பு பாலை உறைநிலைவரை இறக்கவும் வேண்டும் அல்லவா? மே மாதத்து அடுப்படியில் 30 டிகிரியில் ஆறிக் கிடக்கும் பாலை அப்படியே ஊற்றினால் அதற்கு மட்டும் இன்னொரு 80 கிலோஜூல் ஆகிறது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து 4 டிகிரிக்குக் கொண்டுவந்த பால் என்றால் வெறும் 16.

பாலைக் குளிரவைத்துவிட்டு ஊற்றச் சொல்லி எல்லாச் சமையல் புத்தகத்திலும் ஒரு வரி இருக்கும். நான் அதைப் பெரியவர்கள் சொல்லும் வழக்கமான புத்திமதி போலக் கடந்து போயிருக்கிறேன். கணக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது: ஆறின பாலை ஊற்றுகிறவர் மெஷினின் பலத்தில் பாதியை உறைவதற்கு முன்பே செலவழித்துவிடுகிறார். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அது முக்கி முக்கிச் சுற்றும். நேரம் இழுக்கும், படிகம் வளரும்.

சரி, அந்த நூற்றுச் சொச்சம் கிலோஜூலை எங்கே கொட்டுவது? இதற்குப் பழைய பதில் உப்பும் ஐஸும்.

எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு மரவாளி இருந்தது. நடுவே தகர டப்பா, மேலே பல்சக்கரம், பக்கத்தில் கைப்பிடி. முழுப்பரீட்சை லீவில் ஐஸ் கம்பெனியிலிருந்து பாளம் வரும். உமி தூவிய சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, சொட்டச் சொட்டக் கொண்டுவருவார்கள். பெரியப்பா அதை உலக்கையால் நெல்லிக்காய் அளவுக்கு உடைப்பார். ஒரு வரிசை ஐஸ், மேலே ஒரு கை கல் உப்பு, மறுபடி ஐஸ். எங்களுக்கு ஆளுக்கு நூறு சுற்று. கடைசியில் சுற்றுகிறவனுக்குத்தான் கை கடுக்கும், ஆனால் துடுப்பை நக்கும் உரிமையும் அவனுக்குத்தான். ஒரு வருஷம் வாளியின் பக்கவாட்டில் இருக்கிற ஓட்டையை ஐஸ் துண்டு அடைத்துக்கொண்டது. உருகின உப்புத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஏறி, டப்பாவின் மூடியைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அன்றைய ஐஸ்கிரீமை யாரும் வாயில் வைக்க முடியவில்லை. கோபத்தில் வாளியோடு தூக்கிக் கறிவேப்பிலைச் செடியடியில் ஊற்றினார்கள். செடியும் போச்சு. பெரியம்மா அதைப் பத்து வருஷம் சொல்லிக் காட்டினாள்.

ஐஸே குளிர்ச்சிதானே, அதற்கு உப்பு எதற்கு என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரி. டப்பாவுக்குள் இருக்கும் பாலோ மைனஸ் இரண்டரைக்குக் கீழே போனால்தான் உறையவே ஆரம்பிக்கும். வெறும் ஐஸில் விடிய விடியச் சுற்றினாலும் குளிர்ந்த பால்தான் மிஞ்சும், என் முதல் முயற்சியைப் போலவே. உப்பு இங்கே செய்வது என்ன? ஐஸ்துண்டின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அங்கே தண்ணீர் மூலக்கூறுகள் ஐஸை விட்டுப் போவதும் திரும்பி வந்து ஒட்டுவதுமாக இருக்கும். உப்பு அந்தப் படலத்தில் கரைந்ததும் போகிறவை போய்க்கொண்டே இருக்கின்றன, திரும்பி வந்து ஒட்டுவது குறைந்துவிடுகிறது. ஐஸ் உருகுகிறது. உருகுவதற்கு வெப்பம் வேண்டும், கிலோவுக்கு அதே 334 கிலோஜூல். அடுப்பு இல்லை, வெயில் இல்லை. பக்கத்தில் இருப்பதிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும்: ஐஸிலிருந்தே, உப்புத்தண்ணீரிலிருந்து, தகர டப்பாவிலிருந்து, அதற்குள்ளிருக்கும் பாலிலிருந்து. எடையில் ஏறக்குறைய 23 சதவீதம் உப்பு இருக்கும் கலவை மைனஸ் 21 டிகிரிவரை இறங்கும். அதுதான் சமையல் உப்பின் எல்லை. வாளிக்குள் அந்த எல்லையைத் தொட முடியாவிட்டாலும் பாலை உறையவைக்கப் போதுமான குளிர் கிடைத்துவிடும்.

இந்த வாளிக்கு அமெரிக்காவில் முதலில் காப்புரிமை வாங்கியவர் ஒரு பெண். பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன், 1843-ல். கைப்பிடியைச் சுற்றினால் துடுப்பு சுவரைச் சுரண்ட வேண்டும் என்ற யோசனை இன்றைய மின்சார மெஷின்வரை மாறவில்லை. அதே காலத்தில்தான் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த ஐஸ் பாளங்களை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவற்றை இறக்கி வைக்கச் சென்னைக் கடற்கரையில் 1842 வாக்கில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். பின்னாளில் விவேகானந்தர் தங்கிய வீடு, இன்றைய விவேகானந்தர் இல்லம். பட்டணத்து வெயிலில் அந்த ஐஸ் உருகாமல் நின்றதற்கும் எங்கள் சைக்கிள் கேரியரில் பாளம் வீடு வந்து சேர்ந்ததற்கும் காரணம் ஒன்றே. மரத்தூளிலும் உமியிலும் சிறைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

ஐஸ் கிடைக்காதவர்களும் சும்மா இருக்கவில்லை. அக்பர் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிநீரைக் குளிரவைத்ததை அபுல் ஃபசல் ‘அயினி அக்பரி’யில் எழுதியிருக்கிறார். வெடியுப்பு கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும்.

வாளி மெஷினை இன்றைக்குப் பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மோட்டார் வைத்த வாளிகளும் உண்டு. ஃபிரீசர் பலவீனமாக இருக்கிற வீட்டுக்கு, இருபது பேர் சாப்பிடுகிற விசேஷத்துக்கு, ஐஸ் கம்பெனி பக்கத்தில் இருக்கிற ஊருக்கு இதற்கு இணையில்லை. தூள் உப்பு வேண்டாம், அது சட்டென்று கரைந்து அடியில் போய்விடும். கல் உப்பு மெதுவாகக் கரைந்து மேலிருந்து கீழ்வரை வேலை செய்யும். சுற்றும்போது எடையில் ஆறு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. சுற்றி முடித்து இறுக வைக்கும்போது மூன்றுக்கு ஒன்று. தொடக்கத்திலேயே உப்பை அள்ளிக் கொட்டினால் சுவரை ஒட்டி மொத்தமான தகடாக உறைந்து துடுப்பைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டையில் ஒரு கண் இருக்கட்டும். உப்புத்தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுங்கள், செடியடியில் வேண்டாம்.

இப்போது கடைகளில் அதிகம் விற்பது நான் ஏமாந்த அந்தக் கிண்ண மெஷின்தான். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், இடம் அடைக்காது, அதனால்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். இதில் சூடு போகும் இடம் கிண்ணத்தின் சுவருக்குள் உறைந்திருக்கும் கரைசல். வாளியில் ஐஸ் உருகிச் செய்த வேலையை இதில் அந்தக் கரைசல் உருகிச் செய்கிறது. ஒரு தடவை உருகிவிட்டால் கதை முடிந்தது. இன்னொரு ஈடு போட வேண்டுமென்றால் மறுபடி ஒரு நாள் ஃபிரீசர். வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டியவை மிகச் சாதாரணமானவை. ஃபிரீசர் மைனஸ் 18-ஐ ஒட்டிப் போகிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள். கிண்ணத்தின் உயரத்தை அளந்து உங்கள் ஃபிரீசர் தட்டில் அது நிமிர்ந்து நிற்குமா என்று பாருங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்காரர்கள் பலர் இங்கேயே விலகிக்கொள்ளலாம். கிண்ணத்தில் துளி ஈரமில்லாமல் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, முழுசாக 24 மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் அன்றைக்கு ஐஸ்கிரீம் இல்லை. கிண்ணத்தை வெளியே எடுத்துவிட்டு ஏலக்காய் தேடிக்கொண்டிருக்காதீர்கள், ஒவ்வொரு நிமிடமும் அடுப்படிச் சூட்டை அது குடித்துக்கொண்டிருக்கும். முதலில் துடுப்பைச் சுற்றவிட்டு, அது ஓடும்போதே பாலை ஊற்ற வேண்டும். நிற்கும் துடுப்பின் மேல் ஊற்றினால் சுவரோடு சேர்த்து உறைந்து கவ்விக்கொள்ளும். பாத்திரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும், காற்றுக்கு இடம் வேண்டும்.

கம்ப்ரசர் வைத்த மெஷின் என்பது ஒரு குட்டி ஃபிரிட்ஜ். சூட்டைத் தன் பக்கவாட்டுத் துளைகள் வழியே உங்கள் அடுப்படிக்கே திருப்பித் தரும், அதனால் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. முன்தயாரிப்பு இல்லை, ஒரு ஈடு முடிந்ததும் அடுத்ததைப் போடலாம். விலை கிண்ண மெஷினைப்போலப் பல மடங்கு, தூக்கினால் இடுப்பு பிடிக்கும். வாரம் ஒருமுறை செய்கிறவர்களுக்கு மட்டும் இது நியாயம் என்பது என் எண்ணம். கொண்டுவரும்போது சாய்த்துவிட்டால் உள்ளிருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். நேராக நிற்கவைத்து, குறிப்பேட்டில் சொன்ன மணிக்கணக்கு கழித்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும். எங்கள் உறவில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஆசையாகத் தூக்கிவந்தார். அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. பிளக்கின் முனையை மட்டும் மாற்றிச் செருகினார்கள். பத்து விநாடியில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தாலும் 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓடிச் சூடாகும். ஊரில் கிடைப்பதை வாங்குங்கள்.

நாலாவது வகை, பாலைப் பாறையாக உறையவைத்துவிட்டுப் பிறகு வேகமாகச் சுற்றும் கத்தியால் மேலிருந்து கீழ்வரை சீவி எடுப்பது. பெரிய உணவகங்களில் இருக்கும் சுவிட்சர்லாந்தின் பேக்கோஜெட் இதில் மூத்தது. வீட்டு வகையில் நிஞ்சா கிரீமி போன்றவை வந்திருக்கின்றன. படிகம் வளர்ந்தால் வளரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்கிற முரட்டுத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. சீனி குறைவாகப் போட வேண்டியவர்களுக்கும் வெறும் பழத்தை உறையவைத்துத் தின்ன நினைப்பவர்களுக்கும் இதுதான் வசதி. ஆனால் இதற்கும் அதே மைனஸ் 18 ஃபிரீசர் வேண்டும்.

வருஷத்துக்கு மூன்று தடவை செய்கிறவர்களுக்கு மெஷினே வேண்டாம். அடித்தால் நுரைத்து எழும் கிரீமை நன்றாக அடித்து, டின் மில்க்மெய்டைக் கலந்து, அப்படியே உறையவைத்தால் போதும். காற்றை நுரை கொடுக்கிறது, கரண்டி இறங்கும் மென்மையைச் சீனி கொடுக்கிறது. பரணில் தூசி படிந்து கிடக்கும் மெஷின்களில் பாதி, இதைச் சொல்ல ஆளில்லாததால் வாங்கியவை.

இனி பாலுக்கு வருவோம். மேலே சொன்ன என் அளவுகள் ஏதோ கைக்கு வந்தபடி போட்டவை அல்ல. ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் பால்கொழுப்பு 10 சதவீதமும், தண்ணீர் நீங்கலான திடப்பொருள் மொத்தம் 36 சதவீதமும் குறைந்தது இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆரஞ்சுப் பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், கொழுப்பல்லாத திடப்பொருள் 9 சதவீதம். அதைச் சற்றுச் சுண்டவைத்து, கிரீமும் பவுடரும் சேர்த்தால் என் ஈட்டில் கொழுப்பு 10-ஐத் தாண்டுகிறது, திடப்பொருள் 37-ஐத் தொடுகிறது. நீலப் பாக்கெட்டில் இதைச் செய்தால் கொழுப்பும் குறையும், தண்ணீரும் கூடும், நறநறக்கும். பவுடர் நல்லதுதானே என்று அள்ளிப் போடவும் கூடாது. லாக்டோஸ் தண்ணீரில் அதிகம் கரையாத சர்க்கரை. அளவு மீறினால் குளிரில் தனிப்படிகமாக வெளியே வந்து மணல் தின்பது போல இருக்கும். அந்த மணல் வாயில் உருகாது.

சீனியைக் குறைத்தால் ஆரோக்கியம் என்று நினைத்துப் பாதியாக்குகிறவர்கள் உண்டு. இனிப்போடு மென்மையும் போய்விடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். உறைநிலையைத் தாழ்த்துவது எடை அல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கை. சீனியின் மூலக்கூறு பெரிது. தேனில் இருக்கும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டும் அதில் ஏறக்குறையப் பாதி. அதனால் அதே எடைக்கு எண்ணிக்கை இரட்டிப்பு. சீனியில் நாலில் ஒரு பங்கைத் தேனாக மாற்றினால் ஃபிரீசரிலிருந்து எடுத்ததும் கரண்டி இறங்கும், முழுவதையும் மாற்றினால் உறையவே அடம்பிடிக்கும். கருப்பட்டி போடுகிறவர்கள் பாகு காய்ச்சி, வடிகட்டி, பாலும் பாகும் தனித்தனியே நன்றாக ஆறிய பிறகு கலக்க வேண்டும். கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துவிடும்.

கடை ஐஸ்கிரீம் டப்பாவின் பின்புறத்தில் ‘குவார் கம்’ என்று பார்த்திருப்பீர்கள். ஏதோ ரசாயனம் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அது நம் கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுக்கும் மாவு. உலகத்துக்குத் தேவையானதில் பெரும்பகுதி ராஜஸ்தான் பக்கம் விளைகிறது. துளி போட்டாலே தண்ணீரைக் கட்டிப் பிடித்து நகரவிடாமல் வைத்துக்கொள்ளும், படிகம் வளர்வது தாமதமாகும். வீட்டில் அதே வேலைக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவைப் பாலோடு கொதிக்கவிட்டால் போதும். காய்ச்சிய கலவையை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைப்பதில் குளிர்ச்சியைத் தவிர இன்னொரு லாபமும் உண்டு. சூட்டில் எண்ணெயாக இளகிப்போன கொழுப்புத் துளிகள் உள்ளுக்குள் இறுகும். மறுநாள் துடுப்பு அடிக்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றுக்குமிழியைச் சுற்றி வேலி போடும்.

காற்று என்றதும் ஒரு காரியம் செய்து பாருங்கள். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் டப்பாவைச் சமையலறைத் தராசில் வையுங்கள். ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். லிட்டருக்கு 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. உறையும் முன்பு அந்தக் கலவை ஒரு லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடையிருக்கும். ஆகவே விதிக்கு உட்பட்டே டப்பாவில் பாதி காற்று இருக்கலாம். வீட்டு மெஷின் மெதுவாகச் சுற்றுவதால் அவ்வளவு காற்று ஏறாது. வீட்டு ஐஸ்கிரீம் கனமாக, சிறிய கிண்ணத்திலேயே திருப்தியாக இருப்பதன் ரகசியம் அது.

மெஷினிலிருந்து எடுக்கும்போது அது தோசைமாவைவிடக் கெட்டி, வெண்ணெயைவிட இளக்கம். கெட்டியாகட்டும் என்று மேலும் ஓடவிட்டால் கொழுப்புத் திரண்டு வெண்ணெய்த் துணுக்குகள் நாக்கில் தட்டும். முன்பே ஃபிரீசரில் வைத்துக் குளிரவைத்த தட்டையான டப்பாவில் மாற்றி, மேலே காற்று படாமல் தாளை ஒட்டி, ஃபிரீசரின் பின்சுவர்ப் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். கதவோரம் வேண்டாம். அதற்குப் பிறகு நம் எதிரி கரண்ட் கட். கொஞ்சம் உருகினால் சின்னப் படிகங்கள்தான் முதலில் காணாமல் போகும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் தப்பிப் பிழைத்த பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். நாலு தடவை இப்படி நடந்தால் எவ்வளவு நல்ல ஐஸ்கிரீமும் சொரசொரத்துவிடும். எனவே சேமித்து வைக்காதீர்கள், ஒரு வாரத்துக்குள் தின்று தீர்த்துவிடுங்கள். முழுக்க உருகிப்போனதை மறுபடி உறையவைப்பது நாக்குக்கு மட்டுமல்ல, வயிற்றுக்கும் ஆகாது.

என் கிண்ணம் என்ன ஆயிற்று? கீழ்வீட்டு அக்காவிடம் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் இருக்கிறது. வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய், கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன். மைனஸ் 19 காட்டியது. பட்டாணிப் பாக்கெட்டை நகர்த்திவிட்டு இடம் கொடுத்தார். அடுத்த நாள் சாயங்காலம் கிண்ணத்தை ஆட்டினேன். கல் மாதிரி கிடந்தது. இருபத்திரண்டே நிமிடத்தில் ஐஸ்கிரீம் திரண்டது.

பாதியை ஒரு டப்பாவில் போட்டு வாடகையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாலின் சூடு கிண்ணத்துக்குள் போகிறது, கிண்ணத்தின் சூடு உங்கள் ஃபிரிட்ஜ் வழியாக உங்கள் அடுப்படிக்குள் வருகிறது என்று அவரிடம் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது கரண்டியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்: “அப்ப கரண்ட் பில்லு எனக்கு, மெஷின் ஒனக்கா தம்பி? சரி விடு. அடுத்த வாரம் மாம்பழம் போட்டுச் செய்யி. கிண்ணம் இங்கனயே கெடக்கட்டும்.”